டைட்டனின் பின்பாதி

'டைட்டன்' என்றதும் கிரேக்கப் புராணம் கொஞ்சம் படித்தவருக்கு மலை உருவ அரக்கர்கள் நினைவுக்கு வருவார்கள். மற்றவர்களுக்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச். பெயர் பிறந்த கதை இரண்டிலும் சேராது. ஆங்கில எழுத்தில் முதல் இரண்டும், அதாவது டி, ஐ, டாடா இண்டஸ்ட்ரீஸ். பின் மூன்றும், அதாவது டி, ஏ, என், தமிழ்நாடு. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து ஒரு கைக்கடிகாரக் கம்பெனி தொடங்கின. இரு வீட்டாரின் பெயரிலிருந்தும் எழுத்தெடுத்துக் குழந்தைக்கு வைத்த பெயர் இது. அரக்கன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டான்.

பெயரின் பின்பாதியை முதலில் பார்ப்போம். தமிழ்நாடு அரசின் நிறுவனங்களுக்குப் பெயர் வைத்த அதிகாரிகளுக்கு 'டான்' என்றால் தனி மோகம். டான்சி, டான்டீ, டான்செம், டான்ஜெட்கோ என்று வரிசை நீளும். சில பெயர்களில் தமிழ்நாடு ஒற்றை எழுத்தாகச் சுருங்கி வாலில் தொங்கும். சிப்காட்டின் கடைசி 'ட்' அப்படிப்பட்டது. தரமணியில் நிற்கும் டைடல் பார்க்கும் இதே பட்டறையில் அடித்த பெயர்தான்: டிட்கோவில் பாதி, எல்காட்டில் பாதி. காசு போடும் இரு தரப்பையும் பெயருக்குள் இழுத்துப்போடும் இந்த வழக்கத்தின் மிக வெற்றிகரமான பிள்ளை டைட்டன். மற்றவை கோப்பில் இருந்த சுருக்கெழுத்துகளாகவே நின்றுவிட்டன. இது மட்டும் கடைத்தெருவுக்கு வந்து சொல்லாகிவிட்டது.

இந்த 'டான்' 1969க்கு முன்னால் பிறந்திருக்க வழியில்லை. அதுவரை மாநிலத்தின் பெயர் மதராஸ். பெயர் மாற்றக் கோரி உண்ணா நோன்பு இருந்த சங்கரலிங்கனார் 1956இல் உயிர் விட்டார். 1967 ஜூலையில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி வந்தது. டிட்கோ 1965லேயே தொடங்கிவிட்டது. அந்தச் சமயத்திலேயே டாடாவோடு கூட்டு அமைந்து, எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைக்க உட்கார்ந்திருந்தால் 'மதராஸ்' தான் கையில் இருந்திருக்கும். டைமேட் என்றோ டைமாஸ் என்றோ ஒரு வாட்ச். நினைத்தாலே கட்டத் தோன்றவில்லை.

இனி அந்த அரக்கன். கிரேக்கக் கதையில் டைட்டன்கள் சியூசுக்கு முந்திய தலைமுறைத் தெய்வங்கள். மகன்களோடு போரிட்டுத் தோற்றுப் பாதாளத்தில் அடைபட்டவர்கள். அவர்களின் தலைவன் குரோனோஸ். அவன் பெயரைக் காலத்தைக் குறிக்கும் கிரோனோஸ் என்ற சொல்லோடு பழங்காலத்திலேயே குழப்பிக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனாலும் அந்தக் குழப்பம் ஒரு கடிகாரக் கம்பெனிக்கு எவ்வளவு தோதாக வாய்த்திருக்கிறது! இன்னொரு பொருத்தம் இதைவிட நன்றாக இருக்கிறது. சனிக்கோளின் மிகப் பெரிய நிலாவுக்கு டைட்டன் என்று பெயர். 1847இல் ஜான் ஹெர்ஷல் வைத்தது. அந்த நிலாவை 1655இல் கண்டுபிடித்தவர் டச்சுக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ். அவரேதான் அடுத்த ஆண்டு ஊசல் கடிகாரத்தைச் செய்தார். எழுத்தைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். நல்ல பெயருக்கு இப்படித் தானாக உறவுகள் சேரும்.

டாடா ஏன் தமிழ்நாட்டோடு கூட்டுச் சேர வேண்டும்? அது உரிம ராஜ்ஜியக் காலம். 1969இன் ஏகபோகத் தடைச் சட்டம் பெரிய குழுமங்களைக் கட்டிப்போட்டிருந்தது. புதுத் தொழிலில் இறங்க ஒவ்வொரு படியிலும் டெல்லியின் அனுமதி வேண்டும். மாநில அரசின் தொழில் கழகத்தோடு கைகோத்து வருவது ஒரு வழி. தமிழ்நாடு அந்த வழியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆலை வந்த இடம் ஓசூர் சிப்காட். 'ஹொச ஊரு', கன்னடத்தில் புதிய ஊர், என்பதே தமிழ் நாவில் ஓசூர் ஆனது. பழைய கல்வெட்டுகளில் அந்த வட்டாரத்துக்குச் செவிடபாடி என்று பெயர். பெங்களூருக்குப் பக்கம், ஆனால் தமிழ்நாட்டு எல்லைக்குள். பெயரின் பின்பாதி செல்லுபடியாக அது போதும். இன்றும் கம்பெனியின் பதிவு அலுவலகம் ஓசூரில்தான் இருக்கிறது. தலைமை அலுவலகம் எல்லை தாண்டிப் பெங்களூரில்.

கம்பெனியைக் கட்டி எழுப்பிய ஆளின் பெயரும் தனியாக ஆராயத் தக்கது. செர்க்ஸிஸ் தேசாய். பார்சி. 1937இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1961இல் டாடா நிர்வாகப் பணியில் சேர்ந்தார். செர்க்ஸிஸ் என்பது பாரசீகப் பேரரசனின் பெயரைக் கிரேக்கர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட வடிவம். பழம் பாரசீகத்தில் க்ஷயார்ஷா. அந்தப் பெயரின் முன்பகுதிக்கு 'ஆள்பவன்' என்று பொருள். வடமொழியின் க்ஷத்ரம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. நாம் சத்திரியன் என்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். தேசாய் மேற்கிந்தியாவில் வரி வசூலித்து நாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொண்ட அதிகாரியின் பட்டம். ஆக, அரசன் பாதி, வருவாய் அதிகாரி பாதி. ஒரு நிர்வாக இயக்குநருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைச் சோதிடர்கூட வைத்துத் தர மாட்டார்.

அவர் வந்தது கடிகாரத் தொழிலிலிருந்து அல்ல. டாடா குழுமத்தின் அச்சகமான டாடா பிரஸ்ஸை நடத்திக்கொண்டிருந்தார். கடிகாரத் திட்டத்தின் கருவும் அங்கேதான் வளர்ந்தது. அப்போது இந்தியாவில் வாட்ச் என்றால் எச்.எம்.டி. சாவி கொடுத்து ஓட்டுவது. அரசுத் தொழிற்சாலையில் செய்வது. பெரும்பாலும் ஒரே மாதிரி முகம். தேசாயின் குழு மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. பிரெஞ்சுக் கம்பெனியான பிரான்ஸ் எபோஷோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்துக்கொண்டது. சுற்று வட்டாரத்துப் பள்ளிகளில் படித்து முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து நுண்ணிய வேலைக்குப் பழக்கினார்கள். ஓசூரில் ஊழியர் குடியிருப்பை வடிவமைக்கக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவை அழைத்தார் தேசாய். விளம்பரத்துக்கு மோசார்ட்டின் 25ஆம் சிம்ஃபனியை எடுத்தார்கள். தொலைக்காட்சியில் அது ஓடிய காலத்துக்காரர்கள் மோசார்ட் யாரென்று தெரியாமலேயே இன்றும் அந்த மெட்டை முணுமுணுப்பார்கள்.

தேசாய் வகித்தது நிர்வாக இயக்குநர் பதவி. ஆனால் கம்பெனியின் சட்டப்படி மேலே ஒரு நாற்காலி இருக்கிறது, வாரியத் தலைவர் நாற்காலி. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்தச் சொற்களெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. டைரக்டர் என்றால் நமக்குச் சினிமா எடுப்பவர். சேர்மன் என்றால் நகராட்சித் தலைவர். பதவி போய் இருபது வருஷம் ஆனாலும் ஊரில் அவர் சேர்மன் வீட்டுக்காரர்தான். போர்டு என்றால் கடை வாசலில் தொங்குவது. 'பப்ளிக் கம்பெனி' என்றால் பாதிப் பேர் அரசுக் கம்பெனி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். பங்குச் சந்தையில் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கக்கூடிய கம்பெனி என்பதே அதன் பொருள். ஆங்கிலத்திலும் போர்டு முதலில் பலகைதான். பலகை மேசையாகி, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் பெயராகிவிட்டது. சேர்மன் அந்த மேசையில் கைவைத்த நாற்காலி கிடைத்தவர்.

தமிழில் இதற்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் வாரியம். பலகைக்கும் மேசைக்கும் அதில் வேலை இல்லை. அது சோழர் காலத்து ஊர்ச்சபைச் சொல். பல நூற்றாண்டுகள் வழக்கிலிருந்து மறைந்து கிடந்ததைக் கல்வெட்டுகள் மீட்டுக் கொடுத்தன. மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று அரசு அதை மறுபடி புழக்கத்துக்கு விட்டது. இன்று மின்வெட்டுக்குத் திட்டும்போது வாயில் வருவது பராந்தக சோழன் காலத்துச் சொல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூரில், 919லும் 921லும் வெட்டப்பட்ட முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை வாரியம் என்ற சொல்லின் சாசனம் என்றே சொல்லலாம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம், பொன் வாரியம். உறுப்பினர்களுக்கு வாரியப் பெருமக்கள் என்று பெயர். இந்தக் கல்வெட்டைக் குடியாட்சியின் பெருமை பேச மேடைகளில் எடுப்பது வழக்கம். எனக்கு அதைவிட, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதில்தான் சுவை.

வாரியத்தில் அமர வயது 35க்குக் குறையக் கூடாது, 70ஐத் தாண்டக் கூடாது என்கிறது கல்வெட்டு. நிர்வாக இயக்குநர் 70ஐ எட்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்கிறது சட்டம். எந்த வாரியத்திலும் இருந்து இறங்கி மூன்று ஆண்டு ஆகாதவர் மறுபடி வரக் கூடாது என்கிறது கல்வெட்டு. சுயேச்சை இயக்குநர் ஐந்தைந்து ஆண்டாக இரண்டு முறை இருந்துவிட்டால் மூன்று ஆண்டு வெளியே நிற்க வேண்டும் என்கிறது சட்டம். வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவர் தகுதி இழக்கிறார் கல்வெட்டில். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கைத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் தகுதி இழக்கிறார் சட்டத்தில். ஒரு இடத்தில் உத்திரமேரூர் ஒரு படி மேலே போகிறது: கணக்குக் காட்டாதவரின் உறவினர்களையும் வரிசையாகப் பட்டியலிட்டுச் சேர்த்து விலக்கிவிடுகிறது. நம் பெருங்குழுமங்களின் குடும்ப வாரியங்களைப் பார்க்கும்போது, சட்டம் எழுதியவர்கள் அந்தக் கல்வெட்டை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படித்திருக்கலாம் என்று தோன்றும்.

அந்த ஐந்து வாரியங்களில் பொன் வாரியத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் புழங்கும் பொன்னின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு அதற்கு. டைட்டனின் இரண்டாவது பெரிய பெயர் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

தனிஷ்க். 1990களின் நடுவில் நகைத் தொழிலில் இறங்கியபோது தேசாய் தேர்ந்தெடுத்த பெயர். இதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். 'தன்' என்ற உடலும் 'நிஷ்க' என்ற பொன்னணியும் சேர்ந்தது என்று ஒன்று. முன்னெழுத்து டாடாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தது, பின்னால் நிஷ்க என்று மற்றொன்று. டைட்டன் என்ற பெயரைப் பெற்ற வீட்டின் பழக்கத்தைப் பார்த்தால் இரண்டாவதை ஒதுக்க மனம் வரவில்லை. எப்படியும் இரண்டிலும் நிஷ்கம் உண்டு. வேதகால மொழியில் நிஷ்கம் கழுத்தில் அணியும் பொன்னணி. பிறகு அதுவே பொன் நாணயத்தின் பெயராகிவிட்டது. நகை எப்படி நாணயம் ஆகும் என்று தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. நம் காசும் கடையில் பணம், கழுத்தில் காசுமாலை. ஆங்கில எழுத்தில் கடைசியாகப் போட்டிருக்கும் 'க்யூ' மட்டும் வேறு ஊர்ச் சரக்கு. காதலைச் சொல்லும் உருதுச் சொல் இஷ்க் அந்த எழுத்தில்தான் முடிகிறது. கண்ணில் படும்போது அந்த வாடையும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று நினைத்தார்கள் போலும்.

பெயர் அழகாக இருந்தது. வியாபாரம் அப்படி இல்லை. வெளிநாட்டுச் சந்தையை மனத்தில் வைத்து 18 காரட்டில் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பெண்களிடம் 18 காரட் நகையைக் காட்டினால் என்ன கேட்பார்கள்? 'இதை அடகு வைத்தால் என்ன தருவான்?' 1996இல் சென்னையில் முதல் கடை. பல ஆண்டுகள் நட்டம். மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. திருப்பம் தந்தது ஒரு கருவி. காரட்மீட்டர் என்று பெயர். எக்ஸ் கதிர் பாய்ச்சி, உருக்காமல் உரசாமல், நகையில் தங்கம் எத்தனை பங்கு என்று சில நிமிடங்களில் திரையில் காட்டிவிடும். வாடிக்கையாளர் தன் வீட்டு நகையைக் கொண்டுவந்து வைப்பார். 22 காரட் என்று நம்பி வாங்கியது 19 என்று வரும். தலைமுறையாக நகை வாங்கிய கடையின் மேல் இருந்த நம்பிக்கை அந்த மேசையிலேயே கரையும். குறைந்த காரட் நகையைக் கொடுத்து 22 காரட் நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டத்தையும் அறிவித்தார்கள். கட்டளைக்கல்லில் உரசி மாற்றுப் பார்ப்பது நம் பழைய முறை. பத்தரை மாற்றுத் தங்கம் என்ற சொல்லை மனிதரின் குணத்துக்கு வைத்துக்கொண்டு, நகைக்குக் காரட்டை ஏற்றுக்கொண்டோம். வேலை ஒன்றுதான். உத்திரமேரூர்ப் பொன் வாரியம் செய்த வேலையை ஓசூர்க் கம்பெனி கடை மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று டைட்டனின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நகையிலிருந்து வருகிறது. வாட்ச் கட்டிக்கொண்டிருக்கும் நகைக்கடை அது.

கம்பெனியின் பெயரும் அதற்கேற்ப உருமாறியது. 1984இல் டைட்டன் வாட்ச்சஸ். 1993இல் டைட்டன் இண்டஸ்ட்ரீஸ். 2013இல் வெறும் டைட்டன் கம்பெனி. இடையில் இருந்த தொழிற்பெயர்கள் உதிர்ந்தன. முன்பாதியும் பின்பாதியும் மட்டும் உதிரவில்லை.

தேசாய் 2002இல் ஓய்வு பெற்றார், 2016இல் காலமானார். அவருக்குப் பின் பாஸ்கர் பட். சென்னை ஐ.ஐ.டி.யில் 1976இல் பொறியியல், அகமதாபாத்தில் மேலாண்மை, சில காலம் கோத்ரெஜ், 1983இல் கடிகாரத் திட்டம். கம்பெனி பதிவாவதற்கு முன்பே சேர்ந்தவர். 2019 வரை நிர்வாக இயக்குநர். அடுத்து சி.கே. வெங்கடராமன். 1990இல் விளம்பரப் பிரிவில் சேர்ந்து, 2005இலிருந்து நகைப் பிரிவை நடத்தி, 2019 அக்டோபரில் நாற்காலிக்கு வந்தவர். தொடங்கியதிலிருந்து 2025 வரை மூன்றே நிர்வாக இயக்குநர்கள். எல்லோரும் டாடா வீட்டில் வளர்ந்தவர்கள். பின்னிருவர் டைட்டனுக்குள்ளேயே படியேறியவர்கள். வெளியிலிருந்து நட்சத்திர மேலாளரைப் பெருஞ்சம்பளத்துக்குக் கொண்டுவந்து மூன்றாம் ஆண்டே வழியனுப்பும் கம்பெனிகள் இதைப் பார்க்க வேண்டும்.

வாரியத் தலைவர் நாற்காலி நேர் எதிர். அது தமிழ்நாட்டின் நாற்காலி. டிட்கோ நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி அதில் அமர்வார், வழக்கமாகத் தொழில்துறைச் செயலாளர். ந. முருகானந்தம், எஸ். கிருஷ்ணன், வி. அருண் ராய் என்று அண்மைக் காலத்தில் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. கோட்டையில் இடமாற்ற உத்தரவு வந்தால் ஓசூரில் தலைவர் மாறுவார். டாடா தரப்பின் நோயல் டாடா துணைத் தலைவர். துணையாக டாடா, தலைவராகத் தமிழ்நாடு! இப்படி அரசு அதிகாரி தலைமையில் அமர்ந்த எத்தனையோ கம்பெனிகளில் அமைச்சரின் பரிந்துரைக் கடிதம் ஆளெடுப்பதுவரை போகும். பிறகு கம்பெனி படுக்கும். டைட்டனில் தலைவர் வாரியத்தை நடத்தினார், கடையை நிர்வாக இயக்குநர் நடத்தினார். எது யார் வேலை என்ற கோடு நாற்பது ஆண்டுகளாக அழியவில்லை. செயலாளர்கள் அடிக்கடி மாறினார்கள் என்பதே ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். எவரும் நிலைத்து உட்கார்ந்து கடிகாரத்துக்கு முகம் வரையத் தொடங்கவில்லை. கட்சி மாறி ஆட்சி வந்தபோதும் இரு தரப்பும் அந்த எல்லைக்கோட்டை மதித்தன. நம் அரசியலில் இது சின்ன விஷயம் இல்லை.

இது அரசுக் கம்பெனி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு அரசிடம் 51 விழுக்காடாவது இருக்க வேண்டும். டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 விழுக்காடு. டாடா குழும நிறுவனங்களை எல்லாம் கூட்டினாலும் 25 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும். 2023–24ஆம் ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவு அறிவித்தார்கள். டிட்கோ கையில் இருக்கும் பங்குகள் ஏறத்தாழ 24.75 கோடி. பெருக்கினால் 270 கோடி ரூபாய்க்கு மேல், ஒரே ஆண்டில், ஒரே கம்பெனியிலிருந்து, மாநிலத்தின் கழகத்துக்கு.

அரசு தொட்டது விளங்காது என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பெயரில் டாடா முன்னால் இருக்கலாம். பங்குப் பதிவேட்டில் முதல் வரி தமிழ்நாடு.